பதினாறு வரை மீதியே வராத எண்

கொக்குவிலிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “தரம் 10 இல் படிக்கும் மகளுக்கு ரியூசனில் 720720 என்ற எண்ணைக் கொடுத்து, எத்தனை காரணிகள், இது எவ்வகை எண் என்று எழுதிவரச் சொன்னார்கள். 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போனாள். 16 வரை எல்லாமே மீதியின்றி வகுபட்டதும், தான் ஏதோ பிழைவிட்டதாக நினைத்து அழுகிறாள். குறுக்குவழி உண்டா?”

முதலில் கண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள். மகள் பிழை விடவில்லை. 1 முதல் 16 வரையான எண்கள் எல்லாவற்றுக்கும் பொது மடங்குகளுள் சிறியதே 720720. 17 ஆல் வகுத்தால்தான் முதன்முறையாக மீதி வரும், அது 5.

ஆனால் வகுத்துக்கொண்டே போனால் விடியும்வரை முடியாது. காரணிகளைச் சோடி சோடியாக எடுத்தாலும் 848 வரை பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக எண்ணின் நடுவே ஒரு விரலை வைத்து மறைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் 720, வலப்பக்கமும் 720. மூன்றிலக்க எண்ணை இப்படி இருமுறை எழுதினால் அதை 1001 ஆல் பெருக்கியதாகும். 1001 என்பது 7 × 11 × 13. எஞ்சிய 720 இல் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5. முதன்மைக் காரணிகள் அவ்வளவுதான்.

இனி எண்ணுவது. முதன்மைக் காரணிகளைக் காய்கறிகளாக நினையுங்கள்: 2 கத்தரிக்காய், 3 முருங்கைக்காய், 5, 7, 11, 13 மற்றவை. திருநெல்வேலிச் சந்தையில் உங்கள் முன் நான்கு கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், பூசணி, வாழைப்பூ, தேங்காய், பாகற்காய் ஒவ்வொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பையை எத்தனை விதமாக நிரப்பலாம்? கத்தரிக்காயை எடுக்காமலும் விடலாம், நான்கு வரையும் எடுக்கலாம்: ஐந்து வழி. முருங்கைக்காய்க்கு மூன்று. மற்றவை ஒவ்வொன்றுக்கும் எடு அல்லது விடு என்று இரண்டு. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. வெறும் பைதான் 1 என்ற காரணி. நிறைந்த பை 720720. எடுக்காமல் விடும் வழியை மறந்து 4 × 2 என்று தொடங்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

எவ்வகை எண் என்பதற்குச் ‘சேர்த்தி எண்’, அதாவது 1 ஐவிடப் பெரிய, முதன்மை அல்லாத எண், என்று எழுதினாலே பிழையில்லை. ஆனால் அது யானையைப் ‘பிராணி’ என்பது போன்றது. 720720 ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் வெல்லும் ‘உயர் சேர்த்தி எண்களை’ (highly composite numbers) பற்றித்தான் இராமானுசன் 1915 இல் இலண்டனில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவற்றில் முதன்மை எண்கள் 2, 3, 5 என்று இடைவெளியின்றி வரும். சுட்டிகள், அதாவது ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை முறை வருகிறது என்பது, ஒருபோதும் ஏறாது. நம் எண்ணில் அவை 4, 2, 1, 1, 1, 1. கடைசிச் சுட்டி எப்போதும் 1. விதிவிலக்கு 4, 36 இரண்டும் மட்டுமே.

மகள் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். சுட்டிகளில் ஒற்றை எண்கள் இருப்பதால் இது நிறைவர்க்கம் அல்ல. இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அந்த 18 ஆலேயே எண் வகுபட்டு 40040 தரும்.

கொப்பியில் எழுதுமுன் 5040 ஐ இதே முறையில் செய்துபார்க்கட்டும். 60 வரவேண்டும். 48 வந்தால் 2 ஐ எடுக்காமல் விடும் வழியை மறந்துவிட்டாள்.