ரத்தப் புற்றுநோய் எதனால் வருகிறது? சேலத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. பெரியப்பா ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார், தம்பி அம்மாபேட்டையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் செல்போன் டவர் நிற்கிறது. இதில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டவரை விட்டுவிடுங்கள். பெரியப்பாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். தம்பியின் பட்டறைதான் நாம் உட்கார்ந்து பேச வேண்டிய இடம்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அன்றாட வேலை. நல்ல ரத்தம் என்றால் தகடு முழுக்கச் சிவப்பணுக்கள், நடுவில் அங்கங்கே முதிர்ந்த வெள்ளணுக்கள். வந்திருப்பது லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோய் என்றால் பார்த்த உடனேயே தெரிந்துவிடும் பல நேரம்: பெரிய உட்கருவோடு, முதிராத அணுக்கள் கூட்டமாக நிற்கும். தீவிர மைலாய்டு என்ற, பெரியவர்களுக்கு அதிகம் வரும் வகையில் சில அணுக்களுக்குள் செந்நிற ஊசி மாதிரி ஒரு கோடுகூடக் கிடக்கும். அந்த ஸ்லைடைப் பெரிய டாக்டரிடம் எடுத்துப் போகும்போது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம் அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "எதனாலங்க வந்துச்சு?"

உண்மை என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு "இதனால்தான்" என்று கைகாட்ட முடியாது. ரத்தம் உருவாகிற எலும்பு மஜ்ஜையில் ஓர் அணு பிரியும்போது மரபணுவில் பிசகு விழுகிறது. வயது ஏற ஏற அந்தப் பிசகுகள் சேர்கின்றன. இந்தப் பிசகு வாழ்நாளில் ஓர் அணுவில் விழுவது; பெற்றவர்கள் வழியாக வருவது மிகவும் அரிது.

குழந்தைகள் விஷயம் இன்னும் வேறு. தீவிர லிம்போபிளாஸ்டிக் என்ற வகை லுக்கீமியா இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்துவைத்த ரத்தப் பொட்டுகளைப் பின்னாளில் சோதித்தபோது, நோய் வந்த குழந்தைகள் பலருக்குக் கருவிலேயே முதல் மரபணு மாற்றம் விழுந்திருந்தது. அந்த மாற்றங்களில் அதிகம் காணப்படும் ஒன்றோடு பிறக்கிற நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கே நோயாக மாறுகிறது. அதனால் "மாசமா இருக்கும்போது அதைச் சாப்பிட்டாள், இதைச் சாப்பிட்டாள்" என்று அந்தத் தாயைக் குத்திப் பேசுவதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதில் அறிவும் இல்லை, இரக்கமும் இல்லை.

சரி, வெளியிலிருந்து வரும் காரணங்களில் நிரூபிக்கப்பட்டவை எவை? பென்சீன் (பெட்ரோலில் இருக்கிற ஒரு ரசாயனம்), கதிர்வீச்சு, புகையிலை, வேறு புற்றுநோய்க்காக முன்பு எடுத்த சில கீமோ மருந்துகள். வேலை இடத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. கீமோ விஷயத்தில் குழம்ப வேண்டாம். இருக்கிற புற்றுநோயைக் குணப்படுத்துவதுதான் முதலில். பின்னால் லுக்கீமியா வரும் வாய்ப்பு சிறியது.

பென்சீனுக்கு வருகிறேன், தம்பிக்காக. பெட்ரோலின் இனிப்பான வாசத்தில் இதற்கும் பங்கு உண்டு. இந்தியாவில் பெட்ரோலில் பென்சீன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. குறைவாகத் தெரிகிறது, இல்லையா? ஒரு லிட்டரில் 10 மில்லி வரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பென்சீன் மூச்சு வழியாகச் சுலபமாக உள்ளே போகும், தோல் வழியாகவும் கொஞ்சம் போகும். கல்லீரல் அதை உடைக்கிறது. உடைந்து வரும் பொருட்கள் மஜ்ஜைக்குப் போய், அங்கே இன்னும் மோசமான வடிவம் எடுத்து, ரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுக்களையே தாக்குகின்றன.

இஸ்தான்புல் நகரத்துச் செருப்புத் தொழிலாளர்களை வைத்துத்தான் இது உலகத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. முசாஃபர் அக்சோய் என்ற துருக்கி மருத்துவர், பென்சீன் கலந்த பசையைக் காற்றோட்டமில்லாத சின்னச் சின்ன அறைகளில் வைத்துத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் 26 பேருக்கு லுக்கீமியா வகை நோய் வந்ததை 1974-ல் எழுதினார். பசையிலிருந்து பென்சீனை எடுத்த பிறகு அங்கே புதிய நோயாளிகள் குறைந்தார்கள். காரணத்தை எடுத்தால் நோய் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் ஊர்ப் பட்டறையைப் பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, வாயகன்ற டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். செயின், பேரிங் எல்லாம் அதே டப்பாவில். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவதும் அதே பெட்ரோலில்தான். வண்டியிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிற பையன்களை இன்றும் பார்க்கிறேன். லாரி பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் தின்னரில் கை கழுவுகிறார். பஞ்சர் கடையில் சொல்யூஷன் டப்பா நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. தின்னரிலும் சொல்யூஷனிலும் எந்தக் கரைப்பான் எவ்வளவு என்று பல டப்பாக்களில் எழுதியிருப்பதே இல்லை. தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் பென்சீன் நச்சும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறை அந்தச் சட்டப்படி தொழிற்சாலையே ஆகாது. அங்கே வேலை கற்றுக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பையனை யார் எச்சரிப்பது? இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

மாற்றிக்கொள்ள அதிகம் செலவில்லை. கை கழுவ முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ, பொரித்து மிஞ்சிய எண்ணெயோ போட்டுத் தேய்த்தால் கிரீஸ் இளகிவிடும்; அப்புறம் சோப்புத்தூளும் மரத்தூளும். உதிரிபாகம் கழுவ டீசல் பென்சீன் விஷயத்தில் எவ்வளவோ தேவலை, அதற்கும் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. பெட்ரோல்தான் வேண்டும் என்கிற வேலையை வாசலில், காற்றோட்டத்தில், கையுறையோடு செய்யட்டும். எடுத்தது போக மீதியை உடனே மூடட்டும். உறிஞ்சுவதற்குக் கைப்பம்பு மலிவாகக் கிடைக்கிறது. பெட்ரோல் பட்ட உடையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். துணி முகமூடி பென்சீன் ஆவியைத் தடுக்காது, அதை நம்பி உள்ளே உட்கார வேண்டாம்.

தம்பி பீடியோ சிகரெட்டோ பிடிப்பவரா? அப்படியென்றால் அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். புகையிலைப் புகையிலும் பென்சீன் உண்டு. புகைப்பவர்களின் உடலில் சேர்கிற பென்சீனில் பெரும்பங்கு அந்தப் புகையிலிருந்தே வருகிறது. பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு லுக்கீமியாவில், நாமே மனசு வைத்து விடக்கூடிய காரணம் என்றால் இதுதான்.

கதிர்வீச்சைப் பற்றி ஊரில் தப்பான பயமும் இருக்கிறது, தப்பான தைரியமும் இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குக் குண்டு விழுந்து சில ஆண்டுகளிலேயே லுக்கீமியா கூடியது. குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். செல்போன் டவரிலிருந்து வருவது அந்த வகைக் கதிர் இல்லை. மரபணுவை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கும் அலற வேண்டாம், அதன் அளவு மிகச் சிறியது. சிடி ஸ்கேன் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பத்து வயதுக்குள் தலைக்கு சிடி எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு லுக்கீமியா வரலாம் என்று 2012-ல் வந்த பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது. தலையில் பலமாக அடிபட்டால் டாக்டர் சொன்னபடி எடுக்கத்தான் வேண்டும். சாதாரணத் தலைவலிக்கு, "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடுங்க டாக்டர்" என்று நாமாகக் கேட்பதைத்தான் விட வேண்டும். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கீழே கருத்தில் ஒருவர் மேக்னசைட் சுரங்கத் தூசியையும் சாயப்பட்டறையையும் கேட்டிருந்தார். கல்தூசி நுரையீரல் விவகாரம். சாயத்தில் பென்சிடின் வகை (இது பென்சீன் இல்லை, வேறு ரசாயனம்) சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படுவது. இரண்டும் கவலைப்பட வேண்டியவைதான், ஆனால் லுக்கீமியாவுக்கு இவற்றைக் காரணமாகச் சொல்வதற்கில்லை.

ஏற்காட்டு எஸ்டேட் மருந்து அடிப்பு வேறு கதை. என் மாமனார் வீடு நாகலூர் பக்கம், காப்பியும் மிளகும். பூஞ்சைக்கு அடிக்கிற, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பற்றி லுக்கீமியா பயம் தேவையில்லை. காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு அடிக்கிற மருந்துகளில்தான் கவனம் வேண்டும். தாய் கர்ப்பமாக இருக்கும்போது வேலையில் பூச்சிமருந்து பட்டால், வீட்டுக்குள் பூச்சி ஸ்பிரே அடித்தால், பிள்ளைகளுக்கு லுக்கீமியா சற்று அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பென்சீன் அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் நிரூபணம் ஆகும்வரை காத்திருப்பானேன்? எங்கள் வீட்டில் கர்ப்பிணிகளை மருந்து கலக்கவும் விடுவதில்லை, அடித்த தோட்டத்தில் அன்றைக்குக் காப்பிப்பழம் பறிக்கவும் விடுவதில்லை. காலி டப்பாவில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. டப்பாவை ஓட்டை போட்டுவிட்டால் அந்த ஆசை போய்விடும்.

தாய்ப்பால் பற்றி ஒரு நல்ல செய்தி. ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு லுக்கீமியா சுமார் 19 சதவீதம் குறைவு என்று 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. முடிந்தவர்கள் கொடுங்கள். கொடுக்க முடியாமல் போனவர்கள் இதை நினைத்து மனம் வாட வேண்டாம். கோதுமைப் புல் சாறு, பப்பாளி இலைச் சாறு குடித்தால் லுக்கீமியா வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் இல்லை.

விடாத காய்ச்சல், காரணமில்லாத சோர்வு, ஈறில் ரத்தம், அடிபடாமலே நீலத் திட்டுகள், காலில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள், குழந்தை எலும்பு வலி என்று நடக்க மறுப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்து சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் எடுக்கலாம். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். லுக்கீமியாவாகவே இருந்தாலும், குழந்தைகளுக்கு வரும் வகையில் நல்ல சிகிச்சை கிடைத்தால் மிகப் பலர் பிழைக்கிறார்கள்.

தம்பி பல வருஷமாகப் பெட்ரோலில் கை நனைத்தவர் என்றால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை சிபிசி பார்க்கச் சொல்லுங்கள். பென்சீன் முதலில் அணுக்களின் எண்ணிக்கையைத்தான் இறக்கும். அந்த இறக்கம் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் பிடிபடாது, போன வருஷத்து எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைக்கட்டும். டாக்டரிடம் போகும்போது தான் மெக்கானிக் என்பதையும் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும், பல நேரம் யாரும் கேட்பதில்லை.