பிள்ளை சொன்னதைச் சாக்கு என்றீர்களே!

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தின் சரே பகுதியில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பம். 11 வயது மகளுக்கு 5 வயது மட்டக்குதிரை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். உயரம் 128 செ.மீ. இதுவரை குதிரைக் காட்சிப் போட்டிகளின் நோவிஸ் (தொடக்கநிலை) வகுப்புகளில், வாயில் ஒரே கம்பி உள்ள ஸ்நாஃபிள் கடிவாளத்தோடு காட்டினோம். அடுத்த மாதம் அதற்கு மேலான ஓப்பன் வகுப்பில் இறக்க, வாயில் இரண்டு கம்பிகள் உள்ள இரட்டைக் கடிவாளம் வாங்கிப் பூட்டினோம். வாயைத் திறக்கிறது, தலையை உதறுகிறது. மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் மூக்குவாரை இரண்டு துளை இறுக்கியும் பயனில்லை. குதிரை புல்லை மென்று துப்புகிறது என்கிறாள் மகள். பயிற்சிக்குப் போகாமல் இருக்க இப்படி ஏதாவது சாக்குச் சொல்வாள். போட்டியைப் பார்க்க அவளுடைய அப்பம்மா கொழும்பிலிருந்து வருகிறார். இரட்டைக் கடிவாளத்துக்கு எப்படிப் பழக்குவது?

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்கு வராத கோடைகாலம் இல்லை. எழுதுகிறவர்கள் மாறுகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் போட்டி அடுத்த மாதம்தான்.

உங்கள் கடிதத்தில் நான் கடிவாளத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். புல்லை மென்று துப்புகிறது என்று உங்கள் மகள் சொன்னாள். நீங்கள் அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட்டு மூக்குவாரை இறுக்கப் போனீர்கள்.

குதிரை மாட்டைப் போல அசைபோடாது. வாயில் இருக்கும்போதே மென்று முடிக்க வேண்டும். பாதி மென்ற புல் ஈர உருண்டையாகக் கீழே விழுந்தால், மெல்ல முடியாத அளவுக்கு வாயில் ஏதோ வலிக்கிறது என்று அர்த்தம். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு தேயாமல் கத்தியாகி, கன்னத்தை உள்ளே கிழிக்கும். 5 வயது என்றால் பால்பற்கள் போய் நிலைப்பற்கள் இப்போதுதான் அமைந்திருக்கும். கம்பி உரசுகிற இடத்தில் ஓநாய்ப்பல் என்ற சிறு பல்லும் இருக்கலாம். அப்படிப்பட்ட வாயில் ஒன்றுக்கு இரண்டு கம்பிகளை வைத்தீர்கள். அது வாயைத் திறந்து சொல்லப் பார்த்தது. நீங்கள் மூக்குவாரை இறுக்கி, அந்தக் கன்னத்தை அந்தப் பல்லின் மேலேயே வைத்து அழுத்தினீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. சாக்குச் சொல்ல நினைக்கிற பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும். லாயத்தில் குனிந்து புல் உருண்டையைப் பார்த்திருக்காது. தினமும் அங்கே சாணம் அள்ளுகிறவள் அவள். நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறீர்கள். மாட்டுக்கு வைக்காமல் சாப்பிட உட்காராத பெரியவர்களிடம் வளர்ந்தவர்கள் நாம். வாயில்லா ஜீவனை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் வாயைப் பார்ப்பது நம் கடமை. அந்தக் கடமையை 11 வயதுக் குழந்தை செய்தது. அதற்காக அவளுக்குப் பொய்க்காரி என்ற பெயர் கிடைத்தது.

இன்றே மூக்குவாரைத் தளர்த்துங்கள். மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இரட்டைக் கடிவாளத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, வாயை முழுவதுமாகப் பார்த்துக் கூர் விளிம்புகளை ராவச் சொல்லுங்கள். ஓநாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தால் புண் ஆறும்வரை வாயில் கம்பியே வேண்டாம். அடுத்த மாதப் போட்டி போனால் போகட்டும்.

வாய் சரியான பிறகு ஸ்நாஃபிளிலேயே தொடங்குங்கள். அதில் கையை நம்பி அமைதியாக நடக்காத குதிரை இரட்டையில் நடக்காது. இரட்டைக் கடிவாளத்தில் பிராடூன் என்ற மெல்லிய கம்பி மேலே, வெய்மவுத் என்ற கம்பி கீழே. கீழே உள்ளது நெம்புகோல். இழுத்தால் பல்லில்லாத ஈறு, தாடைக்குக் கீழே சங்கிலி, உச்சந்தலை என மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் அழுத்தும். மட்டக்குதிரையின் சின்ன வாயில் இரண்டு கம்பிகளுக்கு இடமிருக்கிறதா என்பதை அனுபவமுள்ள ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். முதலில் லாயத்திலேயே, கையில் பிடிக்கும் வார் இல்லாமல், சங்கிலி போடாமல் பூட்டி, நாக்கால் தடவிப் பழக விடுங்கள். பிறகு வயதான குதிரை ஒன்றின் பின்னால் அமைதியான பாதையில் நடக்கட்டும். கீழ்க் கம்பியின் வாரை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் விட்டுவிட்டு, பிராடூன் வாரை மட்டும் மகள் பிடிக்கட்டும். இப்படியே சில வாரங்கள் போக வேண்டும். அப்புறம்தான் சங்கிலி. கம்பியிலிருந்து கீழே நீளும் கை சுமார் 45 பாகை பின்னால் வந்த பிறகே சங்கிலி தாடையில் படவேண்டும், கண்ணிகள் முறுக்கில்லாமல் தட்டையாக இருக்கவேண்டும். கீழ் வாரைக் கையில் எடுக்கும்போதும் அது தொய்வாகவே கிடக்கட்டும். துள்ளு நடையில் வாரைப் பிடித்துத்தான் உட்காருகிறாள் என்றால், முதலில் வாரே இல்லாமல் நீள்கயிற்றில் சுற்றவிட்டு அவள் இருப்பைத் திருத்துங்கள். இந்தக் கோடை முழுவதும் நோவிஸ் வகுப்பிலேயே நிற்க இடமிருந்தால் அங்கேயே நில்லுங்கள். அங்கே ஸ்நாஃபிள்தான் விதி.

அப்பம்மாவை லாயத்துக்கே அழைத்துப் போங்கள். பேத்தி குதிரைக்குத் தண்ணீர் வைப்பதைப் பார்த்து அவர் அடைகிற சந்தோஷத்தை எந்தப் பரிசு ரோசெட்டும் (ரிப்பன் பூவும்) தராது.

மருத்துவர் வருவதற்கு முன் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த உருண்டைகள் வாயின் எந்தப் பக்கத்திலிருந்து விழுகின்றன என்று விசாரியுங்கள். அவள் சொல்வதைத் தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள்.