பழைய மஸ்டாங் கிட்: கட்டுவதும் வண்ணம் அடிப்பதும் – கேள்வி பதில்

பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரிக் கார்தான் கிட். அமெரிக்க நிறுவனமான ஏஎம்டியின் 1966 ஃபோர்டு மஸ்டாங் கிட்டைப் போன மாதம் கட்டி முடித்தேன். அளவு 1/25. அசல் காரின் நீளம் 181.6 அங்குலம், கையில் இருப்பது பதினெட்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. படத்தைப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எண்பதுகளில் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த கிட் இத்தனை நாள் பரணில் கிடந்தது. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

டயர்களைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கால டயர்கள் வினைலில் வார்த்தவை. வினைல் இளக்கமாக இருப்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். அது பட்ட இடத்தில் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இளகிவிடும். கண்ணாடிப் பாகத்தின் மேல் டயர் படுத்துக் கிடந்திருந்தால், டயரின் கோடுகள் அப்படியே அதில் பதிந்திருக்கும்.

கட்டி முடித்த பிறகும் இந்தத் தொல்லை தீராது. டயருக்குள் உட்காரும் வீலையும் அது தின்னும். வீலின் விளிம்பைச் சுற்றி மெல்லிய அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள். நான் எல்லாப் பழைய கிட்டிலும் இதைச் செய்கிறேன்.

அடுத்து, பாகங்கள் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய் இருந்தால் வண்ணம் பிடிக்காது. சின்னப் பாகங்கள் சாக்கடையில் போய்விடாமல் இருக்க, வடிகட்டியில் வைத்துக் கழுவுவது நல்லது.

பாடி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது அண்ணா. வெந்நீரில் போடலாமா?

போடலாம். ஆனால் கொதிக்கும் நீர் கூடாது. பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரியில் முழுக்கத் தளர்ந்துவிடும். கை பொறுக்காத சூடு போதும். அதில் சில நிமிடம் வைத்து, மெதுவாக நிமிர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஒரே தடவையில் நேராகாது. மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக.

என் கேள்வி பெயின்ட் பற்றி. ஏர்பிரஷ் கிடையாது. ஸ்ப்ரே டப்பாவில் உங்கள் கார் மாதிரிப் பளபளப்பு வருமா?

என் மஸ்டாங் முழுக்க ஸ்ப்ரே டப்பாவில் அடித்ததுதான். பளபளப்பில் பாதி, வண்ணம் அடிப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

பாடியை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். பெரும்பாலும் மட்கார்டு மேலும் கூரைத் தூண்கள் மேலும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி, 600 வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். குழி இருந்தால் பட்டி பார்த்துக்கொள்ளுங்கள். கதவு, டிக்கி இடைவெளிக் கோடுகளை ஊசி முனையால் ஒருமுறை ஆழப்படுத்துங்கள். இல்லாவிட்டால் நான்கைந்து கோட் ஏறிய பிறகு அவை தூர்ந்துபோய், கதவே இல்லாத கார் போலத் தெரியும்.

வண்ணத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சான பிரைமர் விஷயத்தில் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். அசல் கார்களுக்கு அடிக்கும் பிரைமர் மலிவாகக் கிடைத்தது என்று நேரே பாடியில் கனமாக அடித்தேன். பத்து நிமிடத்தில் கூரை முழுக்க முதலைத் தோல் போல வெடித்தது. அதிலுள்ள காரமான தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் புது டப்பாவையும் முதலில் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், அடித்துப் பார்க்கிறேன். அதுவும் அதே பிளாஸ்டிக்தானே. மாதிரிகளுக்கென்றே வரும் தமியா நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமரோ மிஸ்டர் சர்ஃபேசரோ கிடைத்தால் கவலை குறைவு.

வண்ணத்துக்குத் தமியா டிஎஸ் வரிசை டப்பாக்கள். பிஎஸ் என்று போட்டிருப்பதை வாங்கிவிடாதீர்கள். அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. டப்பாவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் துளி நுண்மையாக வரும். முதல் இரண்டு கோட் பனி படிந்தது போல லேசாக இருக்கட்டும். பிறகு ஈரம் மினுங்கும் அளவுக்கு ஒரு கோட். ஸ்ப்ரேயைப் பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள்.

மழை நாளில் மட்டும் அடிக்காதீர்கள். இந்த டப்பாக்களில் இருக்கும் லாக்கர் வண்ணம் காயும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெளுத்துப்போகும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நான் வண்ண வேலையையே தொடுவதில்லை. அந்த நாட்களில் எஞ்சின், சீட் என்று தூரிகை வேலைகள் நடக்கும்.

ஒரு வாரம் காயவிட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி மேலும் நுண்மையான தாள்களால் நீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போடுங்கள். விளிம்புகளைத் தொடாதீர்கள், அங்கேதான் வண்ணம் மெல்லியது; இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

கிட்டே சிவப்புப் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. எனக்கு வெள்ளைக் கார் வேண்டும்.

சிவப்புச் சாயம் வெள்ளையில் ஊறி வந்து, சில நாட்களில் கார் இளஞ்சிவப்பாகிவிடும். பிரைமருக்கு மேல் வெள்ளி நிறத்தில் ஒரு முழு கோட் அடித்து அதை மறித்துவிட்டு வெள்ளை அடியுங்கள். சிவப்புக் காராகவே கட்ட முடியுமானால் இந்த வேலையே மிச்சம்.

கதவோரக் குரோம் பட்டையும் எழுத்துச் சின்னமும் உங்களுக்கு எப்படி அவ்வளவு கூர்மையாக வந்தன?

பட்டைகளுக்கு பேர்-மெட்டல் ஃபாயில், அதாவது பின்புறம் பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள். காகிதம் போல வெட்டி ஒட்டி, பல்குச்சியால் அழுத்தி, புத்தம்புது பிளேடால் ஓரத்தை அறுத்து எடுக்கலாம். பழைய பிளேடு ஃபாயிலைக் கிழிக்கும்.

சின்ன எழுத்துகளுக்கு வேறு வழி. பிரைமர் காய்ந்ததும், வண்ணத்துக்கு முன்பே அந்த எழுத்தின் மேல் ஃபாயில் துண்டை ஒட்டுங்கள். அதன் மேலேயே வண்ணம் அடியுங்கள். காய்ந்த பிறகு, தின்னர் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் எழுத்தின் முகட்டை மட்டும் மெல்ல வருடினால், வண்ணம் கழன்று அடியிலிருந்து வெள்ளி எழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த கணம் அது.

ஃபெவிக்விக்கில் கண்ணாடி ஒட்டினேன், பால் போல வெளுத்துவிட்டது.

அதன் ஆவி படிந்ததால் வந்த வெளுப்பு. லேசாக இருந்தால் பாலிஷில் போகும். கண்ணாடிக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரத் துணியால் துடைக்கலாம்.

யாரோ தடித்த எனாமல் பூசிய பழைய கார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வண்ணத்தை எப்படி எடுப்பது?

பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கையுறை கட்டாயம். சில பழைய பிளாஸ்டிக் அதில் அதிக நேரம் கிடந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது; ஆகவே சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குரோம் பாகத்தை உரிக்க பிளீச் போதும், அடியிலுள்ளது மெல்லிய அலுமினியப் படலம்தான். பிளீச்சுடன் கழிவறை அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

எஞ்சினுக்கு என்ன நிறம்?

1966 என்றால் ஃபோர்டு நீலம். அதே 289 கன அங்குல எஞ்சின் 1965இல் கறுப்பு, வால்வ் மூடி தங்க நிறம். அந்தக் காலக் கிட்கள் பலவற்றில் முன் சக்கரங்களை இணைக்கும் கம்பி எஞ்சினுக்குள் புகுந்து போகும். பானெட்டைத் திறந்து வைக்க எண்ணினால் அந்தத் துளையைப் பட்டியால் அடைத்துவிடுங்கள்.

சீல் உடைக்காத அறுபதுகளின் பெட்டி என்னிடம் ஒன்று இருக்கிறது. கட்டலாமா, அப்படியே வைக்கலாமா?

ஏஎம்டி 1958இல் இந்த வகையைத் தொடங்கியபோதே பெட்டியில் "ஒன்றில் மூன்று" என்று போட்டது: கம்பெனியிலிருந்து வந்தபடியேவோ, அலங்கரித்ததாகவோ, பந்தயக் காராகவோ சிறுவர்கள் கட்டட்டும் என்பதற்காக. கட்டுவதற்கென்றே வார்த்த பொருள் அது. இருந்தாலும் உங்கள் முதல் காரை அதில் கட்ட வேண்டாம். இந்த மஸ்டாங் போன்ற பலவற்றை, ஏஎம்டி பெயரில் கிட் வெளியிடும் ரவுண்ட் 2 நிறுவனம் மறுபடி வெளியிட்டிருக்கிறது. அதில் ஒன்றை வாங்கிக் கை பழகுங்கள். இரண்டாவதோ மூன்றாவதோ பழைய பெட்டியாக இருக்கட்டும். அதுவரை டயர் பிளாஸ்டிக்கை உருக்காமல் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சீலை மட்டும் இன்றே பிரித்து, டயரை வேறு பையில் போட்டு வையுங்கள்.