ஊர்க் கூட்டத்தில் மக்களை முறையாகப் பேச வைக்கத் தலைவர் என்ன செய்யலாம்?

கூட்டம் கூட்டினாலே சண்டையில் முடிகிறது என்ற சலிப்பில்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். 2019 டிசம்பர் தேர்தலில் வென்று 2025 ஜனவரி வரை ஓர் ஊராட்சியின் தலைவராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2020 ஜனவரி 26 அன்று நடந்த என் முதல் கிராம சபையில் முக்கால் மணி நேரம் ஒலிபெருக்கியை நானே பிடித்திருந்தேன். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், தீர்மானம் எழுதும் முன்பே நோட்டைச் சுற்றுக்கு விட்டோம். கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு பாட்டி, கைநாட்டு வைத்த விரலின் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எதுக்குப்பா வெச்சேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கொரோனாவால் தடைபட்ட கூட்டம் 2021 அக்டோபர் 2 அன்று மீண்டும் நடந்தது. அப்போது மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் குடிநீர்த் தகராறு முற்றியிருந்தது. முந்தின வாரமே இரு தெருப் பெண்களில் சிலரை, விடியற்காலையில் தொட்டி ஆபரேட்டர் வால்வு திறக்கும் நேரத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்தால் கடைசி வீட்டுக் குடத்தில் நூல் போலத்தான் தண்ணீர் விழுகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அதனால் கூட்டத்தில் பேச்சு "உங்க தெரு, எங்க தெரு" என்பதை விட்டு, எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதற்கு வந்தது. நானும் மேடையை விட்டு இறங்கி, எல்லோரும் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

தெருக்களுக்குள் இருக்கும் சாதியைப் பேசாமல் குழாயைப் பேசி நழுவிவிட்டான் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒரே தொட்டியடியில் இரு தெருவும் உட்கார்ந்து பேசியதே எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை. பதவிக்காலம் முடிந்ததும் அரசு தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர் என்ற அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. கேள்வி கேட்கப் பழகிய மக்கள் இனி யாரிடம் கேட்பார்கள்?

அந்த 2021 கூட்டத்தில், ஊராட்சிச் செயலர் தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகே நோட்டு சுற்றுக்குப் போனது. அதே பாட்டி விரலை மையில் வைக்காமல் நிறுத்திக்கொண்டு, "அஞ்சரைன்னுதானே பேசுனோம், ஆறுன்னு வாசிக்கிற?" என்றார். செயலர் அடித்துத் திருத்தினார்.