ஆயிரத்து எண்ணூறு டாலர் குறைகிறது

‘பிரேக்கிங் பேட்’ தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிடுங்கள். அப்புறம் கதையைச் சொல்லிவிட்டேன் என்று என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: 62 எபிசோடையும் போன ஞாயிறோடு முடித்துவிட்டேன். அதன் தொடர்ச்சியாக வந்த ‘எல் கமினோ’ படத்தையும் பார்க்கலாமா, இல்லை அந்த முடிவே போதுமா? கெடுத்து வைத்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம்தான். நல்லபடியாக முடிந்த ஒரு தொடருக்குப் படம் எடுக்கிறார்கள் என்றாலே எனக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இதில், தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பேராசைப்படவில்லை. கடைசி எபிசோடில், போதைப்பொருள் தயாரிக்கக் கிளம்பிய வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் எல்லோருடைய கணக்கையும் தீர்த்துவிட்டுச் செத்துப்போனார். அவருடைய பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸி மட்டும் ஒரு காரில் ஏறி, கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத ஒரு முகத்தோடு இருட்டுக்குள் போனான். சரி, அந்தக் கார் எங்கே போனது? படம் கேட்பது அவ்வளவுதான். ஊரை ஆளும் திட்டமில்லை, செத்தவர் யாரும் பிழைத்து வரவில்லை.

எங்களுக்கெல்லாம் 2013 செப்டம்பரில் தொடர் முடிந்து, 2019 அக்டோபரில்தான் படம் கிடைத்தது. பாதிப் பேரின் பெயர் மறந்துபோய் உட்கார்ந்து பார்த்தோம். உங்களுக்கு எல்லாம் சுடச்சுட நினைவிருக்கும், கொடுத்து வைத்தவர். ஒன்று மட்டும், இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்காதீர்கள். தொடரின் கடைசிக் காட்சி வால்டருடையது, அது மனதில் கொஞ்சம் ஊறட்டும்.

கேள்வி: தொடரைப் பார்க்காதவர்கள் கூட உட்கார்ந்து பார்த்தால் புரியுமா?

பதில்: கதை புரியும். ஒருவன் தப்பித்து ஓடுகிறான், போலீஸ் தேடுகிறது, அவனுக்குப் பணம் வேண்டும். ஆனால் ஜெஸ்ஸியின் நண்பன் ஸ்கின்னி பீட் தன் தலையில் இருந்த குல்லாயைக் கழற்றி ஜெஸ்ஸியிடம் கொடுக்கும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும், பக்கத்தில் இருப்பவர் ‘எதுக்கு இப்ப அழுவுற?’ என்பார். தொடர் முழுக்கச் சிரிப்புக்கு வந்துபோன போதைப்பிரியன் அவன். இங்கே தன் காரை இன்னொரு நண்பன் பேட்ஜரிடம் கொடுத்து போலீஸை வேறு திசையில் இழுத்தடிக்க அனுப்புகிறான், பேட்ஜரின் காரை ஜெஸ்ஸிக்குக் கொடுக்கிறான், ஜெஸ்ஸி ஓட்டி வந்த, போலீஸ் தேடும் அந்த எல் கமினோ காரைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். பல வருடம் அவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத்தான் இது உறைக்கும்.

கேள்வி: வாக்குவம் கிளீனர் கடைக்காரர் எட், வெறும் 1,800 டாலருக்காக ஜெஸ்ஸியைத் துரத்தியது ரொம்ப அநியாயம் இல்லையா?

பதில்: படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடத்திலேயே கை வைத்துவிட்டீர்கள்! ஆளை மாயமாக்க எட் கேட்கும் கூலி 1,25,000 டாலர். ஆனால் ஜெஸ்ஸியிடம் கேட்பது 2,50,000. ஏன் இரட்டிப்பு? ஐந்தாவது சீசனை நினைத்துப் பாருங்கள். சாலையோரம் எட்டின் வேனுக்காகக் காத்திருந்தவன், பாக்கெட்டைத் தடவிப் பார்த்து, தன் காதலியின் சின்னப் பையன் ப்ரோக்குக்கு விஷம் வைத்தது வால்டர்தான் என்று சட்டென்று விளங்கி, வண்டியில் ஏறாமலேயே போய்விட்டானே, அந்தப் பழைய பாக்கிதான் மற்ற பாதி. எட் மறக்கவில்லை. தொடரில் யாரும் எதையும் மறந்ததில்லை என்பதுதானே அதன் அழகே.

அப்புறம் அந்த எண்ணும் காட்சி. ஜெஸ்ஸியை அடைத்து வைத்திருந்த டாடின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்குள்ளிருந்து உயிரைப் பணயம் வைத்து எடுத்த பணம், அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதை மேசையில் கொட்டி எண்ணினால் 1,800 குறைகிறது. வேறு படமாக இருந்தால் பெரியவர் பெருமூச்சு விட்டு ‘சரி போ’ என்பார். இவர் போலீஸுக்கு போன் போடுகிறார். சும்மா மிரட்டுகிறார் என்று ஜெஸ்ஸி நினைக்கிறான், நானும் அப்படித்தான் நினைத்தேன், வாசலில் நிஜமாகவே போலீஸ் கார் வந்து நிற்கிறது. அநியாயம்தான், ஆனால் பொய்யில்லை. அந்த 1,800 மட்டும் அவனிடம் இருந்திருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும்.

எட்டாக நடித்த ராபர்ட் ஃபோர்ஸ்டர், படம் வெளியான அதே 2019 அக்டோபர் 11 அன்று இறந்துபோனார். அது தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் அந்தக் கடைக் காட்சி வேறு மாதிரி இருக்கிறது.

கேள்வி: டாட் திடீரென்று குண்டாகிவிட்டாரே!

பதில்: ஆமாம். ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலுக்கும்தான் வயது கூடியிருக்கிறது. முதல் பத்து நிமிடம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.

கேள்வி: வால்டரை ஒரே ஒரு பழைய நினைவுக் காட்சியில் காட்டியது, ரசிகர்களைக் கைதட்ட வைக்கத்தானே?

பதில்: பாதி உண்மை. ஆனால் அதில் என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். நாலு நாள் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிய நேரம், சாப்பிட்டபடியே வால்டர், நீ கல்லூரிக்குப் போகலாமே என்று அறிவுரை சொல்கிறார். பள்ளிப் படிப்பையே ஜெஸ்ஸி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பட்டம் வாங்கிய அன்று மேடையில் நீங்களும்தானே நின்றீர்கள் என்று அவன் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மாணவன்! ஐந்து சீசனில் அந்த மனுஷன் ஜெஸ்ஸியை என்னவாகப் பார்த்தார் என்பதற்கு இதைவிடச் சின்ன சாட்சி வேண்டுமா? கைதட்டுங்கள், தப்பில்லை.

கேள்வி: இதே போல் வேறு தொடர்களுக்கு வந்த படங்கள்?

பதில்: ‘வெரோனிகா மார்ஸ்’ ரசிகர்கள் 57 லட்சம் டாலருக்கு மேல் தங்கள் கையிலிருந்து போட்டு 2014இல் படமாக்கிக்கொண்டார்கள். அதுதான் நிஜமான பாசம். ‘லூதர்’ 2023இல் வந்தது. நாயகன் போட்டிருக்கும் அந்தக் கோட்டுக்காகப் பார்க்கலாம்.

கேள்வி: கடைசியில் ஜெஸ்ஸி எட்டிடம் கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தான்?

பதில்: உறையின் மேல் ப்ரோக் பெயர் இருந்தது. நாம் பிரித்துப் படிக்கலாமா?