அங்கவடி இல்லாத குதிரை

கேள்வி: கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னை போகிறோம். தீவுத்திடல் பக்கம் இருக்கும், ஆங்கிலேயர் காலத்து கவர்னர் மன்றோவின் சிலையில் குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் (ஏறி உட்கார்ந்தவர் கால் வைக்கும் வளையம்) இல்லையாமே? சிற்பி மறந்துவிட்டு, அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே, நிஜமா?
வாசகி, திருவையாறு

பதில்: சேணமும் அங்கவடியும் இல்லாதது நிஜம், சகோதரி. மற்றதெல்லாம் கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்குச் செய்த குதிரைச் சிலையிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. இரண்டு முறையும் மறப்பாரா ஒருவர்? வேண்டுமென்றே செய்ததுதான். தற்கொலையும் இல்லை, 1841-ல் இதய நோயால் இறந்தார். சென்னையில் சிலை நிறுவப்பட்டதோ 1839-லேயே.

நான் சுவாமிமலைக்காரன். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, உலோகம் ஊற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் சொல்கிறேன், பீடத்தைச் சுற்றி நடந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிடிமானமில்லாமல் தொங்கும் அந்தப் பாதத்தைக் கவனியுங்கள். அப்படியும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அபாரமான வேலை!

அப்புறம், மன்றோ வெறும் படைத்தளபதி மட்டுமல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1820 முதல் 1827-ல் காலராவில் இறக்கும்வரை சென்னை மாகாண கவர்னர். இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை வேரூன்ற வைத்தவர். மிராசுதார்களைப் பார்த்த நம் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணா சாலையில் வண்டிகள் நிற்காமல் ஓடும். ஞாயிறு காலையில் போங்கள், சின்னவர்களின் கையை விடாதீர்கள்.