வாசித்துக் காட்டுங்கள்

அன்புள்ள ஐயா,

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசை. என்.சி.சி.யில் இருந்ததில்லை, விளையாட்டுச் சான்றிதழ் இல்லை, வீட்டில் யாரும் போலீஸ் இல்லை. எந்த அனுபவமும் இல்லாத நான் முயலலாமா? எந்தப் பயிற்சி மையம் நல்லது? காக்கி போட்டால் நாலு பேர் பயப்படுவார்கள், அதற்காகவாவது ஜெயிக்க வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாராளமாக முயலலாம். ஏற்கெனவே காவலர்களாக இருப்பவர்களுக்கு 20 விழுக்காடு இடங்களை ஒதுக்கிவிட்டு, மற்றதில் பெரும்பகுதியை உங்களைப் போல வெளியிலிருந்து வரும் பட்டதாரிகளுக்குத்தான் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வைத்திருக்கிறது. என்.சி.சி. சான்றிதழுக்குக் கொஞ்சம் மதிப்பெண் உண்டு. இல்லாததை நினைத்து உருகாதீர்கள். பயிற்சி மையம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நாலு பேர் பயப்பட வேண்டுமா? காவல் நிலையப் படியேறுகிறவர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வருகிறார். அவரை இன்னும் பயமுறுத்த ஒரு பட்டதாரி எதற்கு?

சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருடன் நிலையத்துக்குப் போனேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் 'நகை காணாமல் போனது' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார் ரைட்டர், அதாவது நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் காவலர். வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடும் அவசரம். அக்காவின் கழுத்தில் சங்கிலி அறுத்த சிவப்புத் தடம் அப்படியே இருந்தது.

அப்போது வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் எஸ்.ஐ. உள்ளே வந்தார். தடத்தைப் பார்த்தார். அக்காவை உட்காரவைத்து, வேறு தாளில் தானே எழுதினார். முடித்ததும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'பின்னால் வந்த நபர்' என்று வந்ததும் அக்கா இடைமறித்தார்: "இல்லம்மா, எதிர்ல வந்து வழி கேட்டான். மூஞ்சியப் பாத்தேனே." திருடனின் முகத்தைப் பார்த்த சாட்சி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அனுபவம் கிடையாது தம்பி. அனுபவமெல்லாம் ரைட்டரிடம் இருந்தது.

அவர் செய்தது பெருந்தன்மை அல்ல, சட்டம். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 173ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்வீர்கள். ஆனால் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுகிறீர்களா, கயிறு ஏறுகிறீர்களா என்று பார்ப்பவர்கள், அழுகிறவர் சொல்வதைக் கேட்டு எழுத வருமா என்று எந்தக் கட்டத்திலும் பார்ப்பதில்லை. எனக்குத் தீராத கோபம் இது. எழுத்துத் தேர்வு என்கிறோம், விடைத்தாளில் சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்குவதுதான் அங்கே எழுத்து! முதல் நாள் தப்பாக எழுதிய புகார் வழக்கு முழுக்கக் கூடவே வரும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவதே அந்தத் தாளைத்தான்.

தேர்வானால் ஊனமாஞ்சேரி காவலர் அகாடமியில் சட்டமும் கவாத்தும் சொல்லித் தருவார்கள். காது கொடுத்துக் கேட்பதை இப்போதே பழகுங்கள். நீங்கள் வரலாறு படித்தவர், யார் பார்த்தது, யார் கேள்விப்பட்டது என்று பிரித்துப் பார்க்கக் கற்றிருப்பீர்கள். தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அவருக்கு நடந்த ஒரு நஷ்டத்தைச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னபடி எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். எத்தனை இடத்தில் "நான் அப்படிச் சொல்லலையே" என்கிறார் என்று பாருங்கள்.

அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அழகாகப் படி எடுக்க வேண்டாம், அடித்துத் திருத்தியது அப்படியே இருக்கட்டும்.